இரண்டு கண்ணாடிக்கு நடுவே

உள்பக்கம் துடைத்தாள், போகவில்லை. வெளியே போய், குளிரில் விரல்கள் விறைக்க விறைக்க அந்தப் பக்கமும் துடைத்தாள், அப்போதும் போகவில்லை. கண்ணாடியில் ஒரு தட்டு அகலத்துக்குப் படிந்திருந்த வெள்ளை மூட்டம், இரண்டு அடுக்குக் கண்ணாடிக்கும் நடுவில் இருந்தது. போன வாரம்தான் மாட்டிய புத்தம்புதுக் கண்ணாடி. சனியனே, இதற்கா இத்தனை பாடுபட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டே டெனீஸ் துணியை வாளியில் எறிந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தைப் பார்த்தபடி ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கண்ணாடி அறையை, அவர்கள் குடிவந்த நாளிலிருந்தே யாரும் ஒழுங்காகப் பயன்படுத்தியதில்லை. கோடையில் அடுப்பு, குளிர்காலத்தில் ஐஸ்பெட்டி. மழை பெய்தால் பிளாஸ்டிக் கூரை போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, இங்கிலாந்தின் இந்த ராச்டேல் ஊரில் மழை பெய்யாத நாள் எது? உடைந்த நாற்காலியும் ஈரக் குடையும் காலி பெயின்ட் டப்பாவும் அங்கேதான் கிடந்தன.

அக்டோபரில் அவள் கணவன் டெரெக்குக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. "இல்ல" என்ற ஒரே சொல்தான் அவனிடம் மிச்சம். பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். இனி மாடிப்படி ஆகாது, கீழே படுக்கை போட இடம் இருந்தால் வீட்டுக்கு அனுப்புகிறோம், இல்லையென்றால் பராமரிப்பு இல்லம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். முன்னறையில் கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது. ஆனாலும் தன் மனுஷனை முகம் தெரியாதவர்கள் கையில் விடுவதில்லை என்று டெனீஸ் அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டாள். மிஞ்சியிருந்த இடம் அந்தக் கண்ணாடி அறை ஒன்றுதான்.

கட்டட வேலை பார்க்கும் நெவில் வந்து சட்டங்களைத் தட்டிப் பார்த்தான். முழுசாக இடித்து, தளத்தைத் தோண்டிப் புதிதாகக் கட்டினால் வசந்தம் வந்துவிடும் என்றான். கிறிஸ்துமஸுக்குள் வேண்டும் என்றாள் அவள். அப்படியென்றால் சட்டமும் தளமும் அப்படியே இருக்கட்டும், கூரையையும் கண்ணாடியையும் மட்டும் மாற்றலாம் என்று பேசி முடித்தார்கள். சொன்னபடி செய்தான். பிளாஸ்டிக்கைப் பிடுங்கிவிட்டுக் குளிர் தாங்கும் ஓட்டுக்கூரை போட்டான், உள்ளே வெள்ளைக் கூரைப்பலகை அடித்தான், இருந்த விரிசல், சந்து, பொந்து எல்லாவற்றையும் சிலிகான் பசை வைத்து அடைத்தான். கிளம்பும்போது சட்டத்தைத் தட்டிக் கொடுத்து, "இத்தனை வருஷமா இந்த ரூம் ஓட்டை வழியா மூச்சு விட்டுட்டு இருந்துச்சும்மா. இப்ப ஊசி நுழையக்கூட இடமில்ல" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

டெரெக் வீட்டுக்கு வந்தான். அறை கதகதப்பாக இருந்தது. பெயின்ட் வாசனையும் புது மர வாசனையும் போட்டி போட்டன. ராபின் குருவி புல்லில் குதிப்பதைப் படுத்தபடியே பார்த்து, கோணின வாயால் அவன் சிரித்தபோது டெனீஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் காலையில்தான் அந்த மூட்டம்.

கூப்பிட்டதும் நெவில் வந்து பார்த்தான். ஓரத்து ஒட்டு விட்டிருக்கும், சகஜம் என்று சொல்லி அந்தக் கண்ணாடியையே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் வண்டி தெரு திரும்பியிருக்காது, அடுத்த கண்ணாடியில் மூட்டம் வந்திருந்தது. கட்டிலுக்கு இன்னும் ஒரு கண்ணாடி நெருக்கத்தில்.

அன்று பிற்பகல், வெளிச்சம் சாம்பல் நிறமாக மங்கிக்கொண்டிருந்த நேரத்தில், டீக் கோப்பையோடு கட்டிலருகே உட்கார்ந்தவள் தற்செயலாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசைந்தது. மெல்ல விரிந்து, ஓரங்கள் ஈரமாகப் பளபளத்து, அப்புறம் நடுவை நோக்கிச் சுருங்கி, சுருங்கி, மறுபடி விரிந்தது. கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மற்ற இடமெல்லாம் சில்லென்றிருக்க அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. காலையில் வாய் திறந்து தூங்குகிறவன் பக்கத்தில் அடிக்குமே ஒரு வாடை, அது எங்கிருந்தோ வந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

டெரெக்கைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மூச்சை இழுத்தபோது மூட்டம் சுருங்கியது. விட்டபோது விரிந்தது. அட, இவனுடைய மூச்சுதான் எப்படியோ கண்ணாடியில் படிகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் இரண்டு நாள் தாங்கியது.

தினமும் வந்து பார்க்கும் நர்ஸ் அவன் நெஞ்சைச் சோதித்துவிட்டு எல்லாம் சீராக இருக்கிறது என்றாள். கன்னத்தில் நிறம்கூட ஏறியிருக்கிறதே என்றாள். நிறம் ஏறியிருந்தது உண்மைதான். ஆனால் அவன் ராபின் குருவியைப் பார்ப்பதை விட்டுவிட்டான். பக்கத்துக் கண்ணாடியையே பார்த்தான். ஸ்பூனில் கஞ்சியை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொண்டு, "இல்ல. இல்ல. இல்ல" என்று அந்தக் கண்ணாடியிடம் சொன்னான். கெஞ்சுகிற குரல் அது. அவளிடம் அவன் அப்படி ஒரு நாளும் கெஞ்சியதில்லை.

அதன் பிறகுதான் அவள் கவனித்தாள். இப்போது முதலில் விரிவது கண்ணாடிதான். அவன் நெஞ்சு அதற்குப் பின்னால் போனது. அது இழுத்தால் இவன் இழுத்தான், அது நிறுத்தினால் இவனும் நிறுத்தினான், கண்கள் பிதுங்க, அது மறுபடி தொடங்கும்வரை காத்துக் கிடந்தான்.

ஒரு ஜன்னலையாவது திறந்து வைக்கலாம் என்று எழுந்தாள். பிடி அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை. சமையலறையிலிருந்து சுத்தியலைக் கொண்டுவந்து ஓங்கி அடித்தாள். கண்ணாடி அதிர்ந்தது, உடையவில்லை. அவள் அடித்த இடத்திலிருந்து மூட்டம் கிளம்பி, ஒரு கண்ணாடி, இரண்டு, நான்கு என்று அறையைச் சுற்றி ஓடியது. தோட்டம் மறைந்தது. வேலி மறைந்தது. சுற்றிலும் வெள்ளை. விரிந்தது. சுருங்கியது.

டெரெக் "இல்ல" சொல்வதை நிறுத்தியிருந்தான்.

சக்கர நாற்காலியை இழுத்தாள். அவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். முதுகு பிடித்துக்கொண்டாலும் பரவாயில்லை. "கொஞ்சம் பொறுத்துக்கோ டெரெக், இதோ போயிடலாம்" என்று காதருகே சொல்லிக்கொண்டே உட்கார வைத்தாள். ஏனோ அவன் கனக்கவில்லை. சமையலறை. நடைவழி. கோட்டுகள் தொங்கும் ஆணி. வாசல் கதவு. நாற்காலியை இறக்கிவிட்டு, கதவைத் திறந்தபடியே விட்டு, முன்பாதையில் மூச்சு வாங்க நின்றாள்.

வெளியே உறைபனி விழுந்திருந்தது. தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் வாயிலிருந்து ஆவி குபுகுபுவென்று போயிற்று. தப்பித்தோம், கடவுளே, தப்பித்தோம். குனிந்து அவன் கழுத்தில் துண்டைச் சுற்றினாள்.

"கதவைச் சாத்து டெனீஸ்" என்றான் டெரெக்.

தெளிவான குரல். ஒரு எழுத்து குழறவில்லை.

"உள்ள குளிர் போகுது பாரு. சாத்து."

அவன் முகத்துக்கு நேரே தெருவிளக்கின் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. அவளுடைய ஆவி அதில் வெள்ளையாகச் சுருண்டது. அவன் வாய் அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. பேசிய வாய். அதிலிருந்து ஆவி ஒன்றும் வரவில்லை.

அவள் தலையைத் திருப்பினாள். திறந்த வாசல் வழியே நடைவழி தெரிந்தது, அதற்கப்பால் சமையலறை, அதற்கும் அப்பால் கண்ணாடி அறை, அங்கே இன்னும் எரியும் விளக்கு. கண்ணாடிகள் எல்லாம் வெளுத்து, தெளிந்து, வெளுத்து, தெளிந்தன. வேகமாக. தண்ணீரில் முங்குகிறவனின் மூச்சைப் போல.

"டெரெக்" என்று கூப்பிட்டாள். நாற்காலியில் இருந்தவனை அல்ல.

உள்ளே ஓடத்தான் காலை எடுத்து வைத்தாள். மணிக்கட்டை ஒரு கை பிடித்திருந்தது. இறுக்கிக்கூடப் பிடிக்கவில்லை. வலது கை.

"எங்க போற? நான் இங்கதானே இருக்கேன்" என்றது அது, அன்பாக.

இழுத்துப் பார்த்தாள். முடியவில்லை. கத்தினாள். எதிர்வீட்டுத் திரைச்சீலை அசையவில்லை. நடைவழிக் கோடியில் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகத் தெளிந்துகொண்டே வந்தன. தெளிந்த கண்ணாடியில் இருட்டுத் தோட்டம் தெரிந்தது. கட்டிலருகே இருந்த ஒன்றில் மட்டும் கையகலத்துக்கு மூட்டம் நின்றது.

விரிந்தது.

சுருங்கியது.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அது மறுபடி விரியவில்லை.