வைஃபைக்கு வைத்த பேர்

“உங்க கம்பெனி டப்பாவை நீங்களே கொண்டுபோங்க சார்! சொந்தமா ரூட்டர் வாங்கிட்டேன். இனிமே உங்க தயவு வேண்டாம்!”

கதவைத் திறந்த வேகத்திலேயே பொரிந்து தள்ளினாள் அவள். வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவள். பத்து நாளாக நெட் விட்டு விட்டு வந்ததில் வேலையே கைவிட்டுப் போகும் நிலைமை. கோபம் வராமல் என்ன செய்யும்?

வாசலில் நெட்டுக்காரன். இது மூன்றாவது முறை. மழையில் தொப்பலாக நனைந்து, இமையில் ஒரு துளி விழாமல் நின்று... சே, அதை எதற்குப் போய்ப் பார்த்தாள்?

“புதுசு எப்படிங்க இருக்கு?”

“அதுவும்... இழுக்குது.” குரல் பாதியில் இறங்கிவிட்டது.

அவன் நேரே போய் இரும்பு பீரோவைத் திறந்தான். துணி அடுக்குக்குள் புது ரூட்டர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஹாலில் அசிங்கமாகத் தெரிகிறதென்று பழையதையும் அவள் அங்கேதான் வைத்திருந்தாள்.

“இரும்புக்குள்ள பூட்டி வச்சா எந்த ரூட்டரும் வேலை செய்யாதுங்க. பழசு மேல ஒரு குத்தமும் இல்ல.”

எடுத்து மேஜைமேல் வைத்தான். சரிபார்க்கத் தன் போனில் வைஃபை பட்டியலைத் திறந்தான். அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நேற்று ஆத்திரத்தில் அவள் வைத்த பேர்... ‘நெட்டுக்காரன் ஃபிராடு’.

படித்தான். பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டான்.

ஐயோ... முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? தப்பெல்லாம் தன்மேல், அவமானம் அவனுக்கா? கூப்பிடலாமென்றால் பாழாய்ப்போன வீம்பு வாயைத் திறக்க விடவில்லை. சட்டென்று வைஃபை பேரை மாற்றினாள். ‘மன்னிச்சிடுங்க’.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். மழைக்குப் படியடியில் ஒதுங்கியிருந்தவன் போனில் வைஃபை பட்டியலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெல்ல ஏறி வந்தான்.

நிமிர முடியாமல் தரையைப் பார்த்தாள். என்ன ஆச்சரியம், அவனும் தரையைத்தான் பார்த்தான்.

“பழைய பேரே சரிங்க. ரூட்டர் பீரோவுக்குள்ள இருக்கறதை முதல் நாளே பார்த்துட்டேன்... சொல்லிட்டா மறுபடி வர வேலை இருக்காதேன்னு மறைச்சுட்டேன். உங்களைப் பார்க்கணும் போல... உங்க வேலைக்கே உலை வைப்பேன்னு நினைக்கலைங்க.”

“அடப்பாவி!”

ஓங்கி ஒன்று விடலாமா என்று வந்தது. ஊரறிய அவனைத் திட்டிப் பேர் வைத்தவள் தான் மட்டும் யோக்கியமா? சிரிப்பு முந்திக்கொண்டது, கண்ணும் கலங்கியது.

“இனிமேதான் சொந்த ரூட்டர் இருக்கே... நான் வரலைங்க.”

“வேண்டாம். கம்பெனி டப்பாவையே திரும்ப மாட்டுங்க.”

“ஏங்க?”

“சொந்த டப்பா ரிப்பேரானா... நீங்க வர மாட்டீங்களே...”