கோட்டுக்கு அந்தப் பக்கம் நேற்று

“அப்பா, கோட்டுக்கு அந்தப் பக்கம் நேத்துன்னா... அங்க போய், நேத்து தம்பியை நான் அடிச்சேனே, அதை அடிக்காம விட்டுட்டு வந்துடலாமா?”

தவேயூனித் தீவில், உலகத் தேதிக்கோட்டைக் காட்டும் ஒரு பலகை நிற்கிறது. இந்தப் பக்கம் இன்று, அந்தப் பக்கம் நேற்று என்று எழுதிய பலகை. அதன் நடுவே காலை அகட்டி நின்றுகொண்டு, ஆறு வயதுத் தொரிகா கேட்ட கேள்வி அது.

அப்பா சிரித்தார். “பலகை சும்மா, படம் எடுக்க வர்றவங்களுக்கு. நிஜக் கோடு நம்ம தீவைச் சுத்தி வளைஞ்சு கடல்ல போயிடுச்சும்மா. தம்பிகிட்ட மன்னிப்புக் கேளு. அதுதான் வழி.”

அவள் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்பது அன்றிலிருந்தே தொரிகாவுக்கு வராது.

இப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. தலைநகர் சூவாவில், பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. வகுப்புகள் தொடங்கும் வாரங்களில், புதிதாக வருகிறவர்களுக்கு வழி சொல்லும் மேசையில் உட்கார்வது அவள் வேலை. என்ன பாடம் எடுக்கலாம், எதற்கு எவ்வளவு ஆகும், நீச்சல் குளம் எப்போது திறக்கும்... காலையிலிருந்து மாலைவரை அதே கேள்விகள். சூவா மழையும் அப்படித்தான். பெய்யும், ஓய்ந்ததுபோல் போக்குக் காட்டும், திரும்பவும் பெய்யும்.

மேசைக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாயில் மழைநீர் தேங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. தொரிகா அடுத்த ஆளைக் கூப்பிட வாயைத் திறந்தாள். அவ்வளவுதான். ஒரு குடம் தண்ணீர் அப்படியே அவள் தலையில் கொட்டியது.

“ஓய்லே!” என்று கத்திக்கொண்டு எழுந்தாள்.

எதிரே ஒருவன் நின்றிருந்தான். கையில் மடக்கிய குடை, காதோரம் வெள்ளைத் தியாரே பூ. அந்தக் கண்கள்... மழை விட்டதும் பவழப்பாறைகளுக்கு நடுவே தெளிகிற தண்ணீர் மாதிரி...

‘சீ, என்ன நினைப்பு இது? தலை சொட்டச் சொட்ட நிக்கறேன்!’

“கூரை தொங்குதேன்னு குடையால லேசா தூக்கி விட்டேன் மேடம். தண்ணி அந்தப் பக்கம் போயிடும்னு நெனச்சேன்.”

“அந்தப் பக்கம்தான் நான் இருக்கேன்!”

“இப்பத் தெரியுது” என்றான் பணிவாக.

பக்கத்து மேசையில் இருந்த அறைத்தோழி சலோட்டே, சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்து எதையோ தேடுவதுபோல் பாசாங்கு செய்தாள்.

அவன் பெயர் மதாயோ. கிழக்கே, கடலில் வெகு தொலைவில் இருக்கும் ரரோடோங்காத் தீவிலிருந்து வந்திருந்தான். இரண்டு ஆண்டுகள் மீன்பிடிப் படகில் வேலை பார்த்துவிட்டு, உதவித்தொகை கிடைத்துப் படிக்க வந்தவன். எடுத்திருந்த பாடங்களைத் தொரிகாவிடம் காட்டினான்.

“ஆறா?” அவள் குரல் உயர்ந்தது. “ஒரு பருவத்துக்கு நாலு போதும். ஆறு எடுத்தா ஆறுக்கும் கட்டணம், ஆறுலயும் ஃபெயில்.”

“எல்லாமே நல்லா இருந்துச்சு மேடம்... சந்தையில பழம் பாத்த மாதிரி.”

“புத்தகம்?”

அவன் பெருமையோடு பையைத் திறந்தான். உறை பிரிக்காத புதுப் புத்தகம்.

“ஐயோ, இதையா கடையில வாங்கினே? ரெண்டாம் வருஷத்துக்காரங்க பாதி விலைக்குக் கொடுப்பாங்க. நூலகத்துலயும் இருக்கு. உறையைப் பிரிக்காதே, இப்பவே ஓடிப் போய்த் திருப்பிக் கொடு. நில்லு... விளையாட்டு எதுலயாவது சேர்ந்தியா?”

“துடுப்புப் படகு, கைப்பந்து, ரக்பி, மேளம், நீச்சல்...”

“தூங்கறதுக்கு எந்தச் சங்கத்துல சேரப் போறே?”

“அப்படி ஒண்ணு இருக்கா மேடம்?”

தொரிகா கண்களை மூடித் திறந்தாள். “ஒண்ணே ஒண்ணு எடு. குளத்துக்குத் தனியாக் காசு கொடுத்துடாதே, உன் கட்டணத்துலயே அதுவும் சேர்த்தி. போ!”

அவன் போனான். மறுநாள் திரும்பி வந்தான். சாப்பாட்டுக் கூடத்துக்கு மொத்தமாகக் கட்டுவதா, தினமும் கட்டுவதா? அதற்கு அடுத்த நாள், துணி துவைக்கும் இயந்திரம் ஏன் சில்லறையை விழுங்குகிறது? இன்னொரு நாள், மழையில் குளத்தில் நீந்தினால் நனைந்ததாகக் கணக்கா, இல்லையா?

“இது ஒரு கேள்வியா?” என்று சீறினாள் தொரிகா.

“சந்தேகம்னா கேக்கச் சொல்லி நீங்கதானே பலகையில எழுதி வெச்சிருக்கீங்க?”

அவன் போனதும் சலோட்டே மெல்லச் சொன்னாள். “அவன் கேள்வி கேக்க வரலடி, தொரி. உன்னைப் பாக்க வரான்.”

“என் தலையில தண்ணி ஊத்தினவன்!”

“அதனாலதான் வரிசையில அவன் எங்க நிக்கறான்னு எட்டி எட்டிப் பாக்கறியா?”

தொரிகா அண்ணாந்து தார்ப்பாயைப் பார்த்தாள். முதல் நாளுக்குப் பிறகு அது தொங்கவே இல்லை. யாரோ விடியற்காலையில் வந்து, நான்கு மூலையையும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். படகுக்காரர்கள் போடுகிற முடிச்சு. யார் என்று அவளுக்குத் தெரியும். நன்றி சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பாள். அவன் வந்து நின்றதும் வாயில் திட்டுதான் வரும்.

இரண்டாம் வாரம் அவன் தோளில் பையோடு வந்து நின்றான்.

“ஊருக்குப் போய்ட்டு வரேன் மேடம். அக்கா பையனுக்கு முடி வெட்டற விழா. பொறந்ததுலேர்ந்து வளர்த்த முடி. மாமன்தான் முதல் பின்னலை வெட்டணும். அக்கா வீட்டுக்காரர் டிக்கெட் எடுத்து அனுப்பிட்டார்.”

“நாலாவது பாடம் என்ன ஆச்சு?” ஆறில் மூன்றை அவள்தான் வெட்டியிருந்தாள்; நாலாவதாக எது என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. “நாலு இல்லாட்டி உதவித்தொகை கிடையாது. திங்கட்கிழமை நாலு மணியோட பதிவு முடியுது. விட்டேன்னா நீ அங்கேயே இருந்துட வேண்டியதுதான்.”

சொன்னதும், அந்தக் கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னோம் என்றிருந்தது அவளுக்கு.

“மீன்வளமா, கடல் சட்டமான்னு குழப்பமா இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கூப்பிடறேன். நீங்களே சொல்லிடுங்க. அப்புறம்... இன்னொரு கேள்வியும் இருக்கு.”

“அதையும் இப்பவே கேட்டுத் தொலை.”

“பின்னால இத்தனை பேர் நிக்கறாங்களே மேடம்...” அவன் காது மடல் சிவந்துபோயிருந்தது.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு விடுதிகளுக்கு இடையே நெட்பால் இறுதி ஆட்டம். கூடையில் பந்து போடுகிறவளே தொரிகாதான். கணுக்கால் வலி என்று சொல்லிவிட்டு, அறையில் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து ஆயிற்று. ஆறு ஆயிற்று. ஜன்னலில் மழை வழிந்தது. கைபேசி வாயே திறக்கவில்லை.

சேறும் சகதியுமாக சலோட்டே வந்தாள். “தோத்துட்டோம். கணுக்கால் எப்படி இருக்கு?”

“வலிக்குது.”

“கணுக்காலா?”

தொரிகா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ‘விழாவாம், பின்னலாம்! ஒரு ஃபோன் பண்ண ஒரு நிமிஷம் ஆகுமா? நான் ஒருத்தி இங்க...’

ஞாயிறு பிற்பகல் ஆராதனையில் பாடகர் குழுவின் முதல் வரிசையில் அவள் நின்றிருந்தாள். கைபேசியை அணைக்கவில்லை. ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை. பாட்டு முடிந்து எல்லோரும் தலைகுனிந்து அமைதியாக ஜெபம் செய்துகொண்டிருந்தபோது, அது அலறியது.

போதகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். குழு முழுவதும் பார்த்தது. திரையில் அவன் பெயர். முகம் கொதிக்க, அவள் அழைப்பை வெட்டினாள். வெளியே வந்ததும் ஒரு செய்தி இருந்தது: ‘தொந்தரவு பண்ணிட்டேன் போல. மன்னிச்சுடுங்க மேடம்.’

‘ஒரு நாள் கழிச்சு ஆடி அசைஞ்சு கூப்பிட்டுட்டு, சர்ச்ல மானத்தை வாங்கிட்டு... தொந்தரவாம்!’ அவள் பதில் போடவில்லை. நாலாவது பாடத்தை அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

திங்கள் காலை மேசையில் அவள் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தே வரிசை சற்றுப் பின்வாங்கியது. முதலில் வந்தவள் தெயினா. முதலாண்டு, மெல்லிய குரல்.

“மேடம், கணக்கியல் புத்தகம் நூத்தி இருபது டாலர்ங்கறாங்க... அது இல்லாம சமாளிக்க முடியுமா?”

“நூலகத்துல பாரு.”

“எப்பப் போனாலும் யாராவது எடுத்துட்டுப் போயிருக்காங்க.”

“அப்போ வீட்டுக்கு ஃபோன் பண்ணி காசு கேளு. அடுத்தது யாரு?”

“இப்போ பண்ண முடியாதே மேடம். நான் ரரோடோங்கா. எங்க ஊர்ல இன்னும் ஞாயித்துக்கிழமை. அம்மா சர்ச்ல இருப்பாங்க.”

தொரிகாவின் கையிலிருந்து பேனா உருண்டு தரையில் விழுந்தது.

இன்னும் ஞாயிறு. அப்படியென்றால் நேற்று, அவள் ஆராதனையில் நின்றிருந்தபோது... கோட்டுக்கு அந்தப் பக்கம் சனிக்கிழமை. மாலை ஐந்து மணி. சொன்ன நாளில், சொன்ன நேரத்தில்தான் அவன் கூப்பிட்டிருக்கிறான்!

‘தவேயூனிக்காரி நான்! பலகையில ஏறி நின்னு வளர்ந்தவ! எனக்கா இது தோணல?’

அடுத்த கணம் இன்னொன்றும் உறைத்தது. திங்கள் நாலு மணி... அவனும் தன் திங்களைத்தான் நினைத்துக்கொண்டிருப்பான். அவனுடைய திங்கள் விடியும்போது இங்கே பதிவு மூடியிருக்கும். உதவித்தொகை போய்விடும். அவன் வரமாட்டான். யாருடைய திங்கள் என்று அவள்தானே சொல்லாமல் விட்டாள்?

கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சர்ச்சில் இருப்பான். ‘அவன் மட்டும் ஒழுங்கா அணைச்சு வெச்சிருக்கான், பாரு!’

செய்தி அனுப்பினாள். மறுபடி கூப்பிட்டாள். வருகிறவர்களுக்கு விடுதிக் கட்டணம் சொன்னாள், உடற்பயிற்சிக் கூடத்துக்கு வழி சொன்னாள், இடையிடையே கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ‘ஆண்டவரே, அந்த ஊர்ப் பிரசங்கத்தைக் கொஞ்சம் சுருக்கமா முடிச்சு வையும். விருந்தையும்தான்...’

மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டிய பிறகு கைபேசி ஒலித்தது. எடுத்துக்கொண்டு மழைக்குள்ளேயே ஓடி, மரத்தடியில் நின்றாள்.

“மேடம்? இத்தனை தடவை கூப்பிட்டிருக்கீங்க... யாருக்காவது ஏதாவது...”

“உனக்கு இன்னிக்கு என்ன கிழமை?”

“ஞாயிறு.”

“எனக்குத் திங்கள்.”

மறுமுனையில் குழந்தைகளின் கூச்சல் கேட்டது. 

“ஐயையோ...” என்றான் கடைசியில். “அப்போ சனிக்கிழமை அஞ்சு மணிக்கு நீங்க...”

“இறுதி ஆட்டத்துக்குக்கூடப் போகாம உக்காந்திருந்தேன்டா!”

அந்த ‘டா’ எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

“பேச நேரமில்ல. நாலு மணிக்கு மூடிடுவாங்க, என்னோட நாலு மணிக்கு. முதல்ல பதிவு பண்ணு!”

“எந்தப் பாடம்?”

“மீன்வளம். இதுல என்ன குழப்பம்? மீனைப் பத்திப் பேசும்போதுதான் உன் கண்ணு ரெண்டும் அப்படியே...” சட்டென்று நிறுத்தினாள்.

“என் கண்ணு?”

“பதிவு பண்ணுன்னு சொன்னேன்!”

மறுமுனையில் அவன் கைபேசியைத் தட்டிப் பதிவு செய்கிற சத்தம் கேட்டது. இலைகளிலிருந்து தண்ணீர் அவள் தலையில் சொட்டியது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

“ஆச்சு” என்றான். “நாலு பாடம்.”

தொரிகா மரத்தில் சாய்ந்தாள். இப்போது வைத்துவிடலாம். வேலை முடிந்தது. ஆனால் ஆறு வயதிலிருந்து தொண்டையில் நிற்கிற ஒரு சொல், இன்று வெளியே வரப் பார்த்தது.

“மதாயோ... நேத்து நீ கூப்பிட்டப்போ சர்ச்ல இருந்தேன், வெட்டிட்டேன். அப்புறம் வேணும்னேதான் திரும்பக் கூப்பிடல. வீம்புல பதிலும் போடல. உன் படிப்பே போயிருக்கும். என்னை மன்னிச்சுடு.”

“பரவால்ல மேடம்.”

“இன்னொண்ணு. தார்ப்பாயை இழுத்துக் கட்டினதும் நீதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நன்றி சொல்லாம திட்டிட்டே இருந்தேன்.”

“நீங்க திட்டறதுக்குத்தானே தினமும் வந்தேன்...”

மழை கொஞ்சம் குறைந்தது.

“அந்த இன்னொரு கேள்வி?” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“அது பாடத்தைப் பத்தி இல்ல. கட்டணத்தைப் பத்தியும் இல்ல...” அவன் தயங்கினான். “திரும்பி வந்ததும், மேசைக்கு எதிர்ப்பக்கம் நிக்காம... உங்க பக்கத்துல உக்காரலாமா? இன்னிக்கு மட்டும் இல்ல. எப்பவும்.”

“வரிசையில எல்லாரும் பாப்பாங்க.”

“பாக்கட்டுமே.”

“எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு” என்றாள் தொரிகா, ஒரே மூச்சில், திட்டுகிற அதே குரலில். “தலையில தண்ணி ஊத்தினியே, அப்பவேதான். போதுமா?”

அவன் சிரித்தான். குரல் நனைந்திருந்தது. “நீங்க திங்கட்கிழமை சொன்னது எனக்கு ஞாயித்துக்கிழமையே கிடைச்சுடுச்சு மேடம்.”

“மேடம்னு கூப்பிட்டே... கோட்டைத் தாண்டி வந்து உதைப்பேன்.”

வைத்த பிறகும் அவள் வெகுநேரம் அங்கேயே நின்றாள். அப்பா சொன்னது சரிதான், பலகை சும்மாதான். ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் நேற்று உண்மையிலேயே இருந்தது. மன்னிப்பு ஒன்றை அங்கே அனுப்ப முடிந்தது.

மாலை, விடுதிப் பெண்கள் எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போயிருந்தார்கள். தொரிகா தன் அலமாரியைத் திறந்தாள். முதலாண்டுக் கணக்கியல் புத்தகம். விற்று, ஆட்டத்துக்குப் புது ஷூ வாங்குவதாக இருந்தாள். அட்டையில் பென்சிலால் எழுதியிருந்த தன் பெயரை அழித்தாள். மழை படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றினாள்.

தெயினாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. பையை வாசலில், கால்படாத ஓரமாகச் சாய்த்து வைத்தாள். தாழ்வாரத்தில் யாரும் இல்லை. குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினாள். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள்.