மங்கம்மாவின் தலைக்கட்டியைக் காணவில்லை

பகல் 12.10. டப்பா இருந்தது. மூடி இறுக்கமாக இருந்தது. உள்ளே கட்டியும் இல்லை, அது ஊறிய திரவமும் இல்லை.

ராயபுரத்தின் சிறிய நர்சிங் ஹோம் அது. கட்டியைப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப்போக வந்த அபின், காலி டப்பாவைக் குலுக்கிக் காட்டினான். நர்ஸ் ஹில்டா அதைப் பிடுங்கி உள்ளே பார்த்தாள். மீன்கூடை சுமக்கும் மங்கம்மாவின் உச்சந்தலையில் எட்டு வருடமாகச் சும்மா கிடந்த கட்டி, மூன்று மாதத்தில் இரண்டு மடங்காகியிருந்தது. பெரும்பாலும் கொழுப்புக் கட்டிதான் என்றார் டாக்டர் மகிமா. ஆனால் சோதித்தால்தான் புற்றுநோய் இல்லையென்று சொல்ல முடியும். கட்டியை முழுதாக எடுத்தாகிவிட்டது. இன்னொரு துண்டு கிடையாது.

12.25. துப்புரவு செய்யும் பட்டம்மாள் அறைப் பக்கமே போகவில்லை என்றாள். குப்பையில் வெறும் பஞ்சு. பூனையா? பூனை மூடியைத் திருகி வைக்காது. வராந்தாவில் மங்கம்மாவின் கணவர் தண்டபாணி, மடியில் தெர்மாகோல் பெட்டியோடு, யாரும் வரவில்லை என்று தலையாட்டினார்.

12.50. கைகழுவும் தொட்டியில் குனிந்த ஹில்டாவின் கண் எரிந்தது. பார்மலின், கட்டி ஊறிய அதே திரவம். கட்டியைத் திருடுகிறவன் திரவத்தை ஏன் கொட்ட வேண்டும்? அபின் மணியைப் பார்த்துப் பார்த்து அவள் எரிச்சலைக் கூட்டினான்.

அப்போதுதான் நினைவு வந்தது. 11.15-க்கு, வழக்கப்படி, எடுத்த கட்டியைத் தண்டபாணியிடம் காட்டினாள். அவர் திரவத்தின் பெயர் கேட்டார். அவள் சொன்னதும் முகம் சுளித்தார். அதற்குள் டாக்டர் உள்ளே கூப்பிட, டப்பாவை மேசையில் வைத்துவிட்டு ஓடினாள்.

1.05. "அண்ணே, கொட்டினது நீங்கதானே?"

தண்டபாணி மறைக்கவில்லை. "அது ஊத்துன மீனை ஆபீசருங்க கூடையோட குப்பையில கொட்றாங்கமா. அதுல போட்டா டெஸ்ட்டு எப்டி நல்லா வரும்? அதான் கவர்ல கட்டி ஐஸ்ல வெச்சிகினு கீறேன்."

ஹில்டா அபினிடம் சலிப்போடு சொன்னாள்: "நமக்கு அது கெடாம வைக்கிற மருந்து. காசிமேட்டு மீன்காரருக்கு அது கலப்படம். அவர் முகம் சுளிச்சதைப் பார்த்தும் நான் விளக்கலை. பாதிக் குற்றவாளி நான்."

இரண்டு கவர்கள், இறுக்கமான முடிச்சு. ஐஸ்தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. மகிமா கட்டியைப் புது பார்மலினில் போட்டு அனுப்பினார்.

ஐந்தாம் நாள் முடிவு வந்தது. கொழுப்புக் கட்டி. புற்றுநோய் இல்லை.

தலையில் பேண்டேஜ் கட்டோடு இருந்த மங்கம்மா அழுது முடித்துக் கணவனைப் பார்த்தாள்.

"எட்டு வருசம் நான் பத்திரமா வெச்சிகினு இருந்தேன்யா. உன் கண்ணுல ரெண்டு நிமிசம் காட்டுனதுக்கு இம்மாம் பேஜாரு."