7711க்கும் 7713க்கும் நடுவே

யாரும் கைப்பிடியைத் தொடவில்லை. ஆனாலும் மேசைமேல் இருந்த கணக்கு இயந்திரம் ஒருமுறை மணியடித்தது.

ஆல்கோத் ஹெகர்பிளாட் செய்தித்தாளைத் தாழ்த்தினார். டிசம்பர் மாதம், பிற்பகலிலேயே சன்னலுக்கு வெளியே பனி நீலமாகிக் கறுத்துக்கொண்டிருந்தது. பூஜ்யத்திலிருந்து எதையாவது கழித்தால்தான் அந்த மணி அடிக்கும். இல்லாததிலிருந்து எடுக்காதே என்று எச்சரிக்க அவருடைய தாத்தா வைத்த மணி அது. காலையில் அவரே பூஜ்யத்துக்குத் திருப்பி வைத்த எண்கள் இப்போது எல்லாம் ஒன்பதாக நின்றன.

அவருக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. தங்கை குன்வோர் பிறந்தநாள் பரிசென்று இந்த இரண்டாவது இயந்திரத்தைத் தூக்கி வந்ததிலிருந்தே எரிச்சல்தான். தூக்கி வந்த அன்று அவள் பேசிய பேச்சு இன்னும் காதில் இருந்தது.

"அண்ணா, நம்ம பட்டறை மெஷின் ஸ்வீடன் முழுக்கச் சிதறிக் கிடக்கு. உங்ககிட்ட இருக்கிறது 7711. வடக்கே ஒரு பாதிரியார் செத்து, வீட்டுச் சாமானை ஏலம் போட்டாங்க. அங்க பார்த்தா 7713! லாட்டரி விழுந்திருந்தாக்கூட இப்படிக் குதிச்சிருக்க மாட்டேன்."

"சந்தோஷம்" என்றார் அவர், சந்தோஷமே இல்லாமல்.

"நடுவுல ஒண்ணுதான் குறைச்சல். அதையும் பிடிச்சிட்டா மியூசியத்துல மூணையும் வரிசையா வெச்சிடலாம்."

"அப்படி ஒரு எண்ணே போடல."

ஏன் என்று கேட்டாள். அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

அவர்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. இயந்திரத்தின் பாகங்களைப் பூட்டி முடிப்பவரே அதன் அடித்தகட்டில் தன் கையால் எண்ணை அடிக்க வேண்டும். 7712ஐ அடித்தவள் எல்னா என்ற பெண். அடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவளுடைய வைக்கோல் நிறப் பின்னல் துளையிடும் எந்திரத்தின் சுழலும் பட்டையில் சிக்கியது. பட்டை நிற்கவில்லை. பட்டறையை நடத்திய ஆல்கோத்தின் அப்பா கதவைச் சாத்தினார். எவனோ ஒரு கப்பல்காரனோடு ஓடிவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னார். அந்த இயந்திரத்தை உடைத்து அவளோடு சேர்த்துப் புதைத்து, அடுத்ததற்கு 7713 என்று அடிக்கச் சொன்னார். எல்னாவின் தாய் சாகும்வரை துறைமுகம் துறைமுகமாக மகளைத் தேடினாள். சாகும் தறுவாயில் அப்பா இதை மகனிடம் மட்டும் சொன்னார். ஹெகர்பிளாட் என்ற பெயரைக் கேட்டு ஊர் இன்றும் தொப்பியைக் கழற்றுகிறதென்றால், அது அந்தப் பொய்யின் மேல்தான்.

இரண்டு இயந்திரங்களும் பிரிந்து கிடந்தவரை இடைவெளி என்று ஒன்று இல்லை. இப்போது பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. குடும்பப் பெயரில் ஒரு அறை திறக்கப்போகும் மியூசியத்து அம்மாள் இன்னும் சற்று நேரத்தில் வருவாள். அவள் முதலில் கேட்கப்போவது நடுவில் உள்ளதைத்தான்.

ஆல்கோத் அரத்தை எடுத்தார். கடைசி மூன்றை அழித்துவிட்டால் நடுவில் ஒன்று குறைகிறதென்று யாருக்கும் தெரியாது. 7713ஐக் கவிழ்த்து, கடைசி இலக்கத்தின் மேல் வைத்து ராவினார். இரும்புத்தூள் மடியில் கொட்டியது, பழைய எண்ணெய் வாடை எழுந்தது, அரத்தின் கீச்சொலி பல்லில் ஏறியது. ஊதிப் பார்த்தார். மூன்று அப்படியே இருந்தது. மறுபடி ராவினார். தகட்டில் பள்ளம் விழுந்தது. பள்ளத்துக்குள்ளும் மூன்று. விரல் தோல் உரிந்தது. இன்னும் ஆழமாக ராவினார். மூன்று.

"சனியனே" என்று பல்லைக் கடித்தார்.

எண்ணெய் வாடை மாறியது. முடி கருகும் வாடை.

மணி அடித்தது.

7711இலிருந்து அல்ல. மடியில் கவிழ்ந்து கிடந்ததிலிருந்தும் அல்ல. இரண்டுக்கும் நடுவிலிருந்து.

அவர் நிமிரவில்லை. அரத்தின் பற்களில் ஏதோ சுற்றியிருந்தது. நீளமாக. வெளிர் மஞ்சளாக. ஈரமாக. இழுத்தார். வந்தது. இன்னும் வந்தது.

குன்வோர் காப்பித் தட்டோடு வாசலில் நின்றாள்.

"நீங்க சரியான கள்ளன் அண்ணா. நடுவுல உள்ளது எப்ப கிடைச்சுது? எங்கிட்ட மூச்சு விடலயே." சிரித்தாள். "மியூசியத்து அம்மா வந்துட்டாங்க போலிருக்கு. மாடிப்படியில சத்தம் கேக்குது."

அவர் மேசையைப் பார்த்தார்.

நடுவே மூன்றாவது இயந்திரம். மண் அப்பியிருந்தது. அதன் கைப்பிடி தானாகச் சுழன்றுகொண்டிருந்தது. மெதுவாக. நிற்காமல். ஒவ்வொரு சுற்றுக்கும் மஞ்சள் முடி ஒரு சுற்று அதில் ஏறியது. முடி மேசையிலிருந்து இறங்கித் தரையைக் கடந்து, குன்வோரின் கால்களுக்கு இடையே புகுந்து, இருண்ட நடைக்கூடம் வழியாக மாடிப்படி நோக்கி விறைத்து நீண்டிருந்தது.

அதன் மறுமுனையில் இருந்த ஒன்று, ஒவ்வொரு சுற்றுக்கும், ஒரு படி மேலே ஏறியது.