ஆடாமல் விழுந்த அறை

“ஐயோ... டைரக்டர் செத்துட்டாரு!”

போனில் அலறலைக் கேட்டதும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி வந்தாள் பெண் இன்ஸ்பெக்டர்.

ஆய்வுக்கூடத்தில் பிணம் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டது!

இடது கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது.

“யார் சார் அடிச்சது?”

டைரக்டர் விரலை மேலே நீட்டினார்.

அங்கே... விமானத்துக்குப் பெயின்ட் அடிக்கும் இயந்திரக் கை! பன்னிரண்டு மீட்டர் நீளம். கரும்பு மாதிரி ஒல்லி.

அதைச் செய்தவர்கள் இரண்டு இன்ஜினீயர்கள். ஒருத்தி அண்ணி. மற்றவள் நாத்தனார்.

“கையோட உடம்பு என் டிசைன்,” என்றாள் அண்ணி. “எடையைக் குறைச்சேன். ஒல்லியா இருந்தா ஆடத்தான் செய்யும். ஆட்டத்தை அடக்குறது இவ வேலை.”

“எங்க ஒல்லி, எங்க தடிமன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா அண்ணி? செஞ்சு முடிச்சு என் தலையில கட்டுவாங்க!” நாத்தனார் சீறினாள்.

“ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லையா?”

“மூணு மாசமா!”

கோரஸ்.

டைரக்டர் முனகினார். “எலியும் பூனையும், மேடம். விபத்துன்னு எழுதிக்குங்க. ரெண்டு பேரையும் வேலையை விட்டுத் தூக்கிட்டு, மீதியை நானே முடிச்சு என் பேர்ல வெளியிட்டுக்கறேன்.”

இன்ஸ்பெக்டருக்கு எங்கோ உறுத்தியது.

“கேமரா பதிவைப் போடுங்க.”

திரையில் கை சுழன்று இறங்கியது.

பளார்!

அப்புறம்... சிலையாக நின்றது!

“போன மாசச் சோதனை?”

அதில் அதே கை நின்ற பிறகும் நாற்பது விநாடி சாமியாடியது.

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினாள்.

“உடம்பு தனி, ஆட்டத்தை அடக்குறது தனின்னு செஞ்சா இப்படி நிக்காது. ஒரே மேசையில உக்காந்து ரெண்டையும் சேர்த்து யோசிச்சிருக்கீங்க!”



அண்ணிதான் முதலில் உடைந்தாள். “இவ என்னை முட்டாள்னு சொன்னதா இந்த ஆளு என்கிட்ட சொன்னாரு...”

“அண்ணி என்னைச் சோம்பேறின்னதா என்கிட்ட!” என்றாள் நாத்தனார். “நாங்க தோத்தாதானே வேலை முழுக்க இவர் பேருக்குப் போகும்? வீட்டுல ஒருநாள் சண்டை முத்தினப்பதான் குட்டு உடைஞ்சுது.”

“அதுக்காகக் கொலை முயற்சியா?”

“சேச்சே!” என்றாள் அண்ணி. “கன்னத்துக்குன்னே கணக்குப் போட்டது, மேடம். பல்லு ஒண்ணுகூட ஆடலை பாருங்க!”

டைரக்டர் துள்ளி எழுந்தார். “புகார் எழுதிக்குங்க! ரெண்டு பேரையும் உள்ள தள்ளுங்க!”

“தாராளமா சார்,” பேனாவைத் திறந்தாள் இன்ஸ்பெக்டர். “ஆனா எங்ககிட்ட லாக்கப் ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து யோசிப்பாங்க... பரவாயில்லையா?”