நாலாம் மாடியில் மூன்று கோப்பை

மாளிகாவத்தைத் தொடர்மாடியில் லிஃப்ட் ஒன்று இருந்தது. அது ஓடி யாரும் கண்டதில்லை. ஐம்பத்தெட்டு வயது முழங்காலை வைத்துக்கொண்டு டோரின் நாலு மாடியையும் படியால்தான் ஏறினாள். பின்னேரம் மூன்றரை மணி. வெளியே மழை ஊற்றியதில் படிக்கட்டு அப்போதே இருண்டு கிடந்தது.

மேலே பீபியின் வீடு. பீபியின் மகள் றஸ்மியா இரண்டு வருடத்துக்கு முன் கொட்டாஞ்சேனைத் தையல் கடையில் வேலை முடிந்து, மழையில் குடையும் கையுமாக நடந்து வந்தபோது, குடித்துவிட்டு ஓட்டியவரின் கார் அடித்துச் செத்துப்போனாள். அப்படிப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு வழக்கில் துணைபோகும் சிறு சங்கம் ஒன்றில் டோரின் இருந்தாள். வழக்குத் தவணைக்கு முதல் நாள் வந்து கடிதங்களைப் பார்த்துக் கொடுப்பாள். மறுநாள் நீதிமன்ற வாசல் வரை பீபியைக் கூட்டிப்போவாள். உள்ளே மட்டும் போகமாட்டாள், மூச்சு முட்டுகிறது என்பாள். கலியாண மண்டபங்களுக்குப் போய், குடித்தவர் கையில் சாவியைக் கொடுக்காதீர்கள் என்று துண்டுப்பிரசுரமும் கொடுப்பாள். அவளைப் போல மனமிரங்கிய மனுஷி கிடையாது என்பது சங்கத்தாரின் பேச்சு.

சங்கத்தாருக்கு என்ன தெரியும்?

இரண்டாம் மாடி தாண்டியதும் அது தொடங்கியது.

சளக்.

நனைந்த இரப்பர் செருப்பு. டோரின் ஒரு படி வைத்தால், அவளுக்குப் பின்னால் அதுவும் ஒரு படி வைத்தது. கூடவே ஈரத்துணியும் தையல் மெஷின் எண்ணெயும் கலந்த வாடை. ஒவ்வொரு முறையும் இதே இடம்தான். திரும்பிப் பார்த்தால் யாரும் இருப்பதில்லை. அதனால் இப்போதெல்லாம் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

வியர்வையைத் துடைக்கக் கைப்பைக்குள் லேஞ்சியைத் தேடினாள்.

விரலில் தட்டுப்பட்டது லேஞ்சி அல்ல.

சில்லென்ற, ஈரமான ஒரு கார்ச் சாவி. வழக்கில் தடயப் பொருளாக நீதிமன்றத்தில் பூட்டிக் கிடக்க வேண்டிய சாவி. அது எந்தச் சாவி என்று டோரினுக்கு நன்றாகத் தெரியும். அதைக் கொடுத்தவளே அவள்தானே.

இரண்டு வருடத்துக்கு முன் அன்று டோரினின் மகள் ஷெரினுக்குக் கலியாண எழுத்து, பதிவுத் திருமணம். மத்தியானச் சாப்பாடு பங்குக் கோயில் மண்டபத்தில். உள்ளே போத்தல் திறக்க ஃபாதர் விடமாட்டார். ஆகவே ஆண்கள் ஒவ்வொருவராக, காரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழும்பிப் போனார்கள். எல்லோரும் பார்க்கப் போனது ஒரே காரின் டிக்கியைத்தான். மாப்பிள்ளையின் பெரியப்பா டெரிக்கின் கார் அது. நாலாம் தரம் போனவர் சாவியை டிக்கியிலேயே விட்டுவிட்டு வர, டோரின் எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தாள். பிறகு டெரிக் வந்து கையை நீட்டினார். மாப்பிள்ளை வீட்டார் முழுப்பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உங்களுக்குக் கூடிப்போச்சு என்று சம்பந்தி வீட்டுப் பெரிய மனுஷனிடம் சொல்ல, பெண்ணைப் பெற்ற எவளுக்கு வாய் வரும்? சிரித்துக்கொண்டே கொடுத்தாள். பத்து நிமிடத்தில், மூன்று சந்தி தள்ளி, றஸ்மியா குடையோடு விழுந்து கிடந்தாள்.

நிற்காமல் ஓடிய டெரிக் மறுநாள்தான் பொலிஸுக்குப் போனார். அதற்குள் குடிவெறி இறங்கிவிட்டது. குடிக்கவேயில்லை என்று இன்றுவரை சாதிக்கிறார். நாளையோடு சாட்சிகள் முடிகின்றன. டோரின் வாயைத் திறந்தால் வழக்கு மாறும். ஆனால் ஷெரின் வாழப்போன வீடு அது. மெல்பேர்னிலிருந்து அவள் ஞாயிற்றுக்கிழமை எடுக்கும் பத்து நிமிட ஃபோனைத் தவிர, டோரினோடு கதைக்க இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை. அதுவும் நின்றுபோகும்.

பீபி கதவைத் திறந்தாள். வழக்கம்போல மூன்று கோப்பையில் பிளேன்டீ வைத்தாள். ஒன்று அவளுக்கு, ஒன்று டோரினுக்கு. மூன்றாவது, துணி போர்த்திய தையல் மெஷினுக்கு முன், யாரும் உட்காராத கதிரையடியில். பக்கத்து வீட்டுக்காரி யாராவது வருவாளாக்கும் என்று டோரின் நினைத்திருந்தாள். இந்த இரண்டு வருடத்தில் யாரும் வந்ததில்லை.

எண்ணெய் வாடை அவளுக்குப் பின்னால், மிகக் கிட்ட நின்றது.

டோரினால் அதற்கு மேல் முடியவில்லை. சாவியை எடுத்து மேசையில் வைத்தாள். அதைச் சுற்றி மெல்லத் தண்ணீர் ஊறியது.

"பீபி, அன்டைக்கு அந்த ஆளுக்குச் சாவியைக் குடுத்தது நான்தான். வெறியெண்டு தெரிஞ்சும் குடுத்தனான்."

பீபி சாவியைப் பார்க்கவில்லை. டோரினின் தோளுக்கு மேலால் பார்த்தாள்.

"தெரியும் மிஸ். நீங்க மொத மொத வந்த அன்டைக்கே மகள் செல்லிட்டா."

பீபி மூன்றாவது கோப்பையைக் கைகாட்டினாள்.

"ஒவ்வொரு தரமும் ஒங்கட பின்னாலதானே ஏறி வாரா. இந்த டீ அவக்குத்தான்."

இவ்வளவும் தெரிந்துகொண்டு ஏன் கதவைத் திறந்தாய் என்று டோரின் கேட்டாள்.

"ஒங்கள வரவாணாம் எண்டு செல்லியிருப்பன். பொறகு அவளும் வரமாட்டாளே."

டோரினுக்கு அழுகை வந்தது. தன் ஞாயிற்றுக்கிழமைகளைப் போலத்தான் இவளுக்கு இந்தத் தவணை நாட்களும் என்பது அப்போதுதான் உறைத்தது.

நாளைக்கு உள்ளே வந்து சொல்வீர்களா என்று பீபி கேட்டாள். டோரின் ஓம் என்றாள். பீபி மூன்றாவது கோப்பையைக் கையில் எடுத்தாள்.

கோப்பை காலி.

மேசையில் சாவி இல்லை. ஈரம் மட்டும் இருந்தது.

டோரின் படியிறங்கினாள். மேலே பீபி கதவைச் சாத்தாமல் நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாடி வரை ஒரு சத்தமும் இல்லை. போய்விட்டாள் என்று டோரின் நினைத்தாள். நிம்மதியாக இருக்க வேண்டியது, ஏனோ வெறுமையாக இருந்தது.

சளக்.

இந்த முறை பின்னால் இல்லை. முன்னால்.

ஈரக் காலடி ஒவ்வொன்றாகப் படியில் பதிந்து கீழே போனது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றது. டோரினின் முழங்கால் வந்து சேரும்வரை அங்கேயே காத்திருந்தது.