இரைச்சல் நீக்கப்பட்டது

லிஃப்ட் "அடித்தளம்" என்றது. படியோரம் நின்ற தானியங்கி "டீ தயார்" என்றது. லோகித் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் இருந்த போன், "அழைப்பது: மனைவி" என்று அறிவித்துவிட்டு, "கேஸ் தீந்துபோச்சுன்னு நேத்தே சொன்னேன். உங்களுக்கெல்லாம் காது எதுக்கு இருக்குது" என்றது. மூன்றும் ஒரே குரல்தான். ஆண் குரலா பெண் குரலா என்று சொல்ல முடியாத, தூக்கமும் கோபமும் இல்லாத குரல். அதற்குப் பொதுக்குரல் என்று பெயர். வங்கி வாழ்த்தினாலும் அதுதான், மனைவி திட்டினாலும் அதுதான். திட்டு உறைக்க வேண்டுமானால் நேரில் வந்து திட்ட வேண்டும். லோகித்தின் மனைவி அவ்வளவு மெனக்கெடுவதில்லை.

காந்திபுரத்தின் அந்த அடித்தளச் சந்தையில் பழைய கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுக்கும் கடைகள் ஒரு காலத்தில் வரிசையாக இருந்தன. இப்போது லோகித்தின் கடை மட்டும்தான். என்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவன். சர்வர் கூடமொன்றில் இரவுக் காவல் பார்த்து, மனிதர்களைவிட இயந்திரங்கள் குறைவாகப் பொய் சொல்லும் என்று முடிவுக்கு வந்தவன். எதிர்க்கடையில் வயரும் சார்ஜரும் விற்கும் ஷபானாவுக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. அவளுக்கு எதிலுமே உடன்பாடில்லை.

"லோகித்து, உன் கடைக்கு ஒரு ஆள் வருது. பொண்ணு. வழி தவறி வந்திருக்கும், பயமுறுத்தாத."

வந்தவள் வழி தவறவில்லை. கையிலிருந்த பென்டிரைவை மேசைமீது வைத்தாள். பெயர் தன்விகா என்றாள். பீளமேட்டில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை.

"ஏனுங்ணா, சட்டத்துக்கு முந்தின கம்ப்யூட்டர் உங்ககிட்ட இருக்குதுங்களா? சொல்வடி இல்லாதது?"

லோகித் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான். "இருக்கு. ஆனா ஊமை. சவுண்டு டிரைவர் இல்ல. எதுக்குக் கேக்கறீங்க?"

"எங்கப்பா ஒரு ஒலிப்பதிவு அனுப்பினாருங்க. அதை அப்படியே கேக்கோணும்."

இருபது வருடங்களுக்கு முன் யாருடைய குரலையும் யாரும் செய்துகொள்ளலாம் என்ற நிலை வந்தது. மகனின் குரலில் அழுது தாயிடம் பணம் பறித்தார்கள். நீதிபதியின் குரலில் ஜாமீன் வந்தது. குரல் களவுக் காலம் என்று பாடப்புத்தகத்தில் அதற்கு ஓர் அத்தியாயம் உண்டு. அதன் முடிவில் வந்தது சட்டம்: எந்த இயந்திரமும் மனிதக் குரலை உள்ளபடி கடத்தக் கூடாது. ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் சொல்வடி என்ற சில்லு உட்கார்ந்தது. அது பேச்சிலிருந்து சொற்களை மட்டும் வடித்தெடுத்து, மிச்சத்தைக் கொட்டிவிட்டு, பொதுக்குரலில் திருப்பிச் சொல்லும். முத்திரை வாங்கிய பாடகர்களுக்கு மட்டும் விலக்கு. களவு நின்றது. கொஞ்ச நாளில் எல்லாருக்கும் பழகியும் போனது. பழைய இயந்திரங்களைத் தேடிப் பிடித்து உடைக்க அரசுக்கு நேரமில்லை. அவை தாமாகவே செத்துக்கொண்டிருந்தன.

"வீட்டு மெஷின்ல போட்டுப் பாத்தீங்களா?"

"ரெண்டு வருஷம் முன்னாடியே. ஒரு நிமிஷத்துல முடிஞ்சுது." அவள் கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடப் பகுதியை ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "'அம்மிணி, அப்பா பேசறேன். நேர்ல வர்றேன் வர்றேன்னு சொல்லி உன்னை ஏமாத்திட்டேன். இனியும் வரமாட்டேன். போன்லயே பேசிக்கலாம். நேர்ல பாத்தா உனக்குப் புடிக்காது. இதைக் கேட்டாப் புரியும்.' அவ்வளவுதானுங்க. என்ன புரியும்? எம் பேரைக்கூடச் சொல்லல. ஊர்ல எந்தப் புள்ளையையும் அம்மிணின்னுதான கூப்புடுவாங்க?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இனிமே போன்லயும் பேச வேண்டாம்னுட்டேன். அவரும் பேசல."

அவளுக்கு நினைவு தெரிவதற்கு முன்பே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அப்பா பூபதிராஜ் சோமனூர் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் இருந்தார். வாரம் தவறாமல் பேசுவார். பள்ளிக்கூடம், பரீட்சை, படித்த புத்தகம், எல்லாம் பேசுவார். பக்கத்து ஊரில் இருந்துகொண்டு ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை. இப்போது அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அப்பாவைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று அம்மாவிடம் கேட்டால், உன் இஷ்டம் என்று எழுந்து போய்விடுகிறாள். போன வாரம் அந்தப் பென்டிரைவைத் தூக்கிப் போடுவதற்குமுன் கடைசியாக ஒருமுறை செருகியபோதுதான் தன்விகா கோப்பின் நீளத்தைப் பார்த்தாள். கால் மணி நேரம். கீழே சிறிய எழுத்தில், இரைச்சல் நீக்கப்பட்டது.

"ஒரு நிமிஷப் பேச்சு. மிச்சமெல்லாம் என்னன்னு எனக்குத் தெரியோணுமுங்க. அதைத் தெரிஞ்சுட்டுத்தான் பத்திரிகை வெக்கறதா இல்லையான்னு முடிவு பண்ணுவேன்."

"மிச்சம் வெறும் இரைச்சலாத்தான் இருக்கும்," என்றான் லோகித். "ரெக்கார்டரை ஆஃப் பண்ண மறந்திருப்பாரு."

"இருக்கட்டுமுங்க. அதையும் கேக்கறேன்."

அவன் பரணிலிருந்து கறுப்பாகக் கனமாக ஒரு மடிக்கணினியை இறக்கினான். இயங்குதளம் நாற்பது வருடம் பழையது. நீலத் திரை வந்தது, சின்னங்கள் வந்தன, மூலையில் ஒலிபெருக்கிப் படத்தின்மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறியும் வந்தது. ஒலியை எழுப்பும் சில்லு பலகையில் இருக்கிறது. இயங்குதளத்துக்கு அதன் பாஷை தெரியாது. அந்தப் பாஷையைச் சொல்லிக்கொடுப்பதுதான் டிரைவரின் வேலை. சில்லைச் செய்த கம்பெனி எப்போதோ போய்விட்டது. டிரைவரை வைத்திருந்த இணையதளமும் அதோடு போய்விட்டது. லோகித்திடம் ஒரு பெட்டி நிறையப் பழைய சி.டி.க்கள் இருந்தன. பாதி கீறல், பாதி யாருடையவோ கல்யாண வீடியோ.

அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு சில்லின் டிரைவர் கிடைத்தது. நிறுவினான். "பொருத்தமான சாதனம் இல்லை" என்று இயங்குதளம் கையை விரித்தது. டிரைவரின் உள்ளே ஒரு சின்ன உரைக் கோப்பு இருக்கும். எந்தெந்தச் சில்லுக்கு அது சேவகம் செய்யும் என்று அதில் எழுதியிருப்பார்கள். லோகித் அதைத் திறந்து தன் சில்லின் எண்ணையும் கூடவே எழுதினான்.

"ஏண்டா, இது ரேஷன் கார்டுல பேர் சேக்கற மாதிரியில்ல இருக்கு," என்றாள் ஷபானா. தன் கடையை விட்டுவிட்டு இங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அதேதாங்க்கா. இங்க லஞ்சம் கேக்க மாட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்."

மறுபடி நிறுவினான். திரை இருண்டு திரும்பி வந்தது. மடிக்கணினி ஒரு சிறிய மணியோசையை எழுப்பியது. வடிக்கப்படாத ஓசை. ஷபானா திடுக்கிட்டு எழுந்தாள். "எவன்டா அது உள்ள?"

சிவப்புக் குறி போயிருந்தது.

கோப்பைத் திறந்ததும் குதிரைகள் ஓடுவதுபோல் ஏதோ தடதடத்தது. அதன்மேல் ஓர் அணில் கத்தியது. வேகக் கணக்கு தப்பு என்று லோகித் தலையைச் சொறிந்தான். பதிந்த வேகம் ஒன்று, டிரைவர் படிக்கும் வேகம் ஒன்று. அதைச் சரிசெய்தபோது குதிரைகள் தறியாக மாறின. தடக் தடக் தடக் என்று ஒரு விசைத்தறி, அறை முழுக்க. தன்விகா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தறியோசையையும் சொல்வடி இதுவரை அவளுக்குக் கொடுத்ததில்லை.

பிறகு ஒரு மனிதக் குரல். கரகரத்த, கொஞ்சம் உயர்ந்த குரல்.

"அ... அ... அ... அம்... அம்... அம்மிணி. அ... அ..."

"சே," என்றான் லோகித். நிறுத்தினான். "தேக்கம் பத்தல."

இந்த வியாதி அவனுக்கு அத்துப்படி. டிரைவர் கொஞ்சம் ஒலியை முன்கூட்டியே அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தேக்கம் சிறிதாக இருந்தால், அடுத்தது வருவதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடும். தீர்ந்ததும் கடைசித் துண்டையே திரும்பத் திரும்ப ஊற்றும். ஒட்டுப்போட்ட டிரைவர்களில் பத்துக்கு ஒன்பது இப்படித்தான். தேக்கத்தைப் பெரிதாக்கினான். அப்படியே இருந்தது. இன்னும் பெரிதாக்கினான். வலைத் தொடர்பை அணைத்தான், மின்விசிறிக் கட்டுப்பாட்டை அணைத்தான், சில்லோடு வழியைப் பகிர்ந்துகொண்ட வேறு இரண்டு சாதனங்களைக் கழற்றிப் போட்டான். குரல் அதே இடங்களில் விக்கி விக்கி நின்றது.

மதியம் போய்விட்டது. ஷபானா மூன்று பேருக்கும் பொட்டலத்தில் தக்காளிச் சாதம் வாங்கி வந்தாள். தன்விகா சாப்பிடவில்லை. லோகித் சாப்பிட்டுக்கொண்டே வேலை பார்த்தான். கடைசியில், இப்படிப்பட்ட பிடிவாதக் கேஸ்களுக்காகத் தானே எழுதி வைத்திருந்த திருத்தியை எடுத்தான். திரும்ப வரும் துண்டுகளையும் நடுவே வரும் வெற்றிடங்களையும் கண்டுபிடித்து அது வெட்டி எறிந்துவிடும்.

ஓடவிட்டான். குரல் வழுக்கிக்கொண்டு வந்தது. அம்மிணி, அப்பா பேசறேன். நேர்ல வர்றேன் வர்றேன்னு சொல்லி... ஒரு நிமிடத்தில் முடிந்தது. லோகித் கைகளைத் தட்டிக்கொண்டான்.

"எப்படி? அப்பா குரல்தானே? சுத்தமா வருதா?"

தன்விகா சந்தோஷப்படவில்லை. "எங்க வீட்டு மெஷினும் இதேதானுங்க பண்ணுச்சு."

"இல்லம்மா, அது பொதுக்குரல். இது நெசக் குரல்."

"கால் மணி நேரம் எங்கீங்ணா போச்சு?"

"அதெல்லாம் டிரைவர் கோளாறு. ஒரே துண்டை..."

"டிரைவர் கோளாறுன்னா தறி ஏன் நிக்கல?"

லோகித்துக்கு விளங்கவில்லை. அவள் திரையைக் காட்டினாள். "காலைல இருந்து கேட்டுட்டிருக்கேன். அப்பா நிக்கறாரு. தறி நிக்க மாட்டேங்குது. டிரைவர் விக்கினா ரெண்டும் சேந்துதானுங்களே விக்கோணும்?"

அவன் வாயில் இருந்த சாதத்தை விழுங்கினான். திருத்தியை அணைத்தான். பதிவை முதலிலிருந்து ஓட்டி, கண்ணை மூடிக்கொண்டு, குரலை விட்டுவிட்டுத் தறியை மட்டும் கேட்டான். தடக் தடக் தடக். தூரத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது, முழுசாக, ஓரிடத்திலும் அறுபடாமல். அந்த ஹாரனின் முழு நீளத்துக்கும் அந்த மனிதர் 'நே' என்ற ஓர் எழுத்தில் மாட்டிக்கொண்டு கிடந்தார்.

டிரைவர் காலையிலேயே சரியாகிவிட்டது. அவன் பகல் முழுவதும் ரிப்பேர் செய்துகொண்டிருந்தது ஓர் ஆளை.

"திக்குவாய்," என்றாள் ஷபானா மெதுவாக. சொல்லிவிட்டு வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அம்மா ஒருதடவை கோவத்துல சொன்னாங்க," என்றாள் தன்விகா. "உங்கப்பன் வாயைத் தொறந்தா ஊரே சிரிக்கும்னு. தமாஷாப் பேசுவாரு போலன்னு நெனச்சுட்டேன்."

பதிவு ஓடியது. ஒரு நிமிடத்துப் பேச்சைச் சொல்ல அவர் எப்படிப் பாடுபட்டார் என்பதைக் கேட்டார்கள். வார்த்தை வராதபோது மேசையைத் தட்டினார். மூச்சை இழுத்து, பின்வாங்கி, மறுபடி மோதினார். 'இதைக் கேட்டாப் புரியும்' என்பதோடு சொல்வடியின் கணக்கு முடிந்திருந்தது. பதிவு முடியவில்லை. இன்னும் மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருந்தது.

"த... த... த..."

தறி ஓடிக்கொண்டிருந்தது.

"த... தன்... த... த..."

நிறுத்துவார், செருமுவார், மறுபடி தொடங்குவார். கடைசிவரை அந்தப் பெயர் முழுசாக வரவில்லை. முழுசாக வராதது சொல் இல்லை. சொல் இல்லாததைச் சொல்வடி எடுத்துக்கொள்ளாது. டக் என்று ரெக்கார்டர் அணைக்கப்பட்ட சத்தத்தோடு பதிவு முடிந்தது.

லோகித் ஹெட்ஃபோன் வயரைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தான். போனில் போனால் மாறிவிடும், பென்டிரைவில் போட்டால் மாறாது என்று அந்த ஆள் நினைத்திருக்க வேண்டும். தன்னை உள்ளபடி ஒருமுறை அனுப்பிப் பார்த்திருக்கிறார். அதையும் ஓர் இயந்திரம் நல்லெண்ணத்தோடு துடைத்துக் கொடுத்திருக்கிறது. அதையேதான் தானும் செய்திருக்கிறான் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை.

"என்ன பண்ணப் போறீங்க?"

தன்விகா முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. போனை எடுத்து மேசைமேல் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டாள். மணி போயிற்று. எடுத்தார்கள்.

"அப்பா, நான் தன்விகா." தொண்டை அடைத்திருந்தது. அந்தப் பக்கத்தில் அது அடைக்காமல், அழாமல் போய்ச் சேரும். "நீங்க அனுப்பினதை இன்னைக்குத்தான் கேட்டேன். முழுசாக் கேட்டேன். கல்யாணத்துக்கு நேர்ல வாங்க. வந்து பேசுங்க."

பதில் இல்லை. தறியோசை இல்லை, மூச்சு இல்லை. சொல்வடி எதையும் கொடுக்கவில்லை. திரையில் இணைப்பு உயிரோடு இருந்தது. லோகித் சிக்னல் கோடுகளைப் பார்த்தான், எல்லாம் நிறைந்திருந்தன. இன்னும் கொஞ்சம் பொறுத்தான். அடித்தளத்தில் அடிக்கடி நடப்பதுதான் இது, ஒருமுறை துண்டித்துவிட்டுத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும் என்று போனை நோக்கிக் கையை நீட்டினான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்கண்ணா," என்றாள். "பேசிட்டிருக்காரு."